தலை தெரியாத நிழல்

திவ்யாவின் நிழல் மட்டும் மொட்டைமாடியில் கிடந்தது. திவ்யாவைக் காணோம்.

சாக்பீஸால் வரைந்த நிழல். இரண்டு கால், பாவாடையின் விரிப்பு, இடுப்பில் ஊன்றிய கை, தோள். அதோடு நின்றுவிட்டது. தலை இல்லை. கிஷோர் கால் பக்கம் ஆரம்பித்து மேலே வரைந்துகொண்டே போயிருக்கிறான். தோளுக்கு வந்தபோது திவ்யாவின் அம்மா செல்வி அக்கா படியேறி வந்து, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த நேரம் பார்த்து ஒரு தட்டுத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கியிருந்தேன். தண்ணீர் சிந்தாமல் திரும்பி வந்தால், மற்ற பிள்ளைகள் அந்தக் கோட்டைச் சுற்றி நிற்கிறார்கள்.

“இன்னாடா ஆச்சு?”

“அவுங்கம்மா இஸ்துக்கினு பூட்டாங்கண்ணா,” என்றான் கிஷோர். ஒன்பது வயசு. திருவொற்றியூரில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு அவன்தான் ரேடியோ. “‘நெழலு காணாம பூடும்னு எவன்டா சொன்னான்?’னு கேட்டாங்க. நான் உன் பேரச் சொல்லிட்டேன்.”

“நல்லா சொன்ன போ.”

“பின்ன? எம் பேரயா சொல்ல முடியும்?”

மணி பத்தைத் தாண்டியிருந்தது. வெயில் ஏற ஏற எனக்குள்ளும் என்னவோ ஏறிக்கொண்டிருந்தது.

வருஷத்தில் இரண்டே நாள்

உச்சி வெயில் என்று தினமும்தான் சொல்கிறோம். ஆனால் நம் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது வருஷத்தில் இரண்டு நாள்தான். சித்திரை பிறந்து பத்துப் பதினோரு நாள் போனபின் ஒரு தரம். ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது இன்னொரு தரம். மற்ற நாளெல்லாம் கொஞ்சம் தெற்கேயோ வடக்கேயோ ஒதுங்கித்தான் போகும்.

அந்த இரண்டு நாளில் மட்டும், பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், நேராக நிற்கிற எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. காலடிக்குள்ளேயே போய்விடும். ஓரிரு நிமிஷம். அப்புறம் மறுபக்கமாக வெளியே வரும்.

போன ஆவணியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காத்திருந்தேன். மேகம் மூடிக்கொண்டது. எல்லாரும் மழையில் நனைந்ததுதான் மிச்சம். அதனால் இந்தச் சித்திரையை விடக்கூடாது என்று இருந்தேன்.

மேலேயும் கீழேயும் ஒரே பருமனாக இருக்கிற சாமானாகப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். டார்ச் பேட்டரி வந்தது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வந்தது. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு லிப்ஸ்டிக் வந்தது. கிஷோர் குக்கர் விசிலைக் கொண்டுவந்திருந்தான்.

“இது நேரா இல்லியேடா.”

“நிக்க வெச்சா நேராத்தாண்ணா நிக்கும்.”

மழைத் தண்ணீர் வடிவதற்காக மாடித் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் பழைய கேரம் போர்டு ஒன்றைப் போட்டு, ஒரு ஓரத்தில் அட்டை செருகி, நடுவில் தண்ணீர்த் தட்டை வைத்துச் சமம் பார்த்தோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறதோ, அந்தப் பக்கம் போர்டு இறங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் திவ்யா. ஏழு வயசு. இந்த நாளுக்காகக் காத்திருந்ததில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தினமும் அம்மா தன் இட்லிக் கடையை மூடியதும் அவர் கரண்டியை வெயிலில் நிறுத்தி, நிழல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று என்னிடம் விரலால் அளந்து காட்டுவாள்.

அவள் இல்லாமல் போர்டைச் சுற்றி நிற்பது நன்றாக இல்லை.

பிடித்தது ஏசி

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. முள் மேல் பிறந்தவன் என்பார் அம்மா. பிளாக் பிள்ளைகளுக்கு நான் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று சொன்னாலும், நாங்கள் வகுப்பாக உட்கார்ந்ததே இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில், போன வருஷம் காந்தத்தோடு ஆடியதைப் பற்றி எழுதியிருந்தேன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கடற்கரை மணலில் நாய்க்குட்டி போல இழுத்துப் போனோமே, அதேதான். கறுப்பு மணல் அதன்மேல் தாடியாக மண்டிக்கொண்டது. காகிதத்தில் ஒரு மூஞ்சி வரைந்து, மணலைத் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மீசை முறுக்கிக்கொள்ளும். யாருக்கு யார் மீசை வைப்பது என்பதில்தான் அன்று சண்டை.

அந்த வெற்றியில் தலைகால் புரியாமல், அடுத்த மாசம் எல்லாரையும் ரயிலேற்றிக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். கொருக்குப்பேட்டை தாண்டும்போது கூட்ஸ் வண்டிகள் வரிசையாக நின்றன. சக்கரத்தை எண்ணுகிறேன் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லி, இறங்கும்வரை ஓயவில்லை. கோளரங்கத்தில் விளக்கை அணைத்தார்கள். தலைக்கு மேல் நட்சத்திரம் பூத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில் இருந்தார்கள்.

வரும் வழியில் கேட்டேன், எது பிடித்தது என்று.

“ஏசிண்ணா,” என்றார்கள் ஒரே குரலில்.

அன்று ரயிலிலேயே முடிவு செய்தேன். சூரியனைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டாம். அதுவே நம் மாடிக்கு வருகிற நாளில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்பா காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் மிதித்தவன் நான். மாடியில் நான் போர்டும் தட்டுமாக அலைவதைப் பார்த்துவிட்டு, “சூரியனப் பாக்கறதுக்கு டிகிரி வாங்கின ஒரே ஆளு நீதான் நைனா,” என்றார்.

கேலிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் முதலில் படித்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் எதையாவது சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள். இல்லையென்றால் படித்த திமிர் என்பார்கள். நடுவில் ஓர் இடம் கிடையாது. நிழல் காணாமல் போகும் என்று பிள்ளைகளிடம் கண்ணை விரித்துச் சொன்னபோது, வீட்டுக்குப் போய் அவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

அதுவும் செல்வி அக்கா. பிளாக் வாசலில் காலை இட்லிக் கடை போடுகிறவர். அவர் கதவைச் சாத்தினால் இன்னும் நாலு கதவு சாத்தும். அப்புறம் என் ஞாயிற்றுக்கிழமைக்கு கிஷோரும் குக்கர் விசிலும்தான் மிஞ்சும்.

போர்டைக் கிஷோர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

கதவுக்கு வெளியே

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண் வீங்கிய திவ்யா சுவரோரமாக நின்றாள்.

“இன்னா தம்பி, எம் பொண்ண தரையில படம் போட்டு வெச்சிக்கீற. தலயக் காணும்.”

“வரையறதுக்குள்ள நீங்க இட்டுக்கினு வந்துட்டீங்கக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

“நெழலு காணாம பூடும்னு சொன்னியா இல்லியா?”

“ரெண்டு நிமிஷம்தான். அப்பால வந்துடும்.”

“போனது வந்துடும்னு எய்திக் குடுப்பியா?”

“கிஷோரு, அவன் தங்கச்சி, எல்லாரும் கீறாங்கம்மா,” என்றாள் திவ்யா.

“நீ உள்ள போ.”

திவ்யா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அக்கா எழுந்து வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். கடை வாசலில் நாலு பேரை ஒரே சத்தத்தில் அடக்குகிற குரல், இறங்கிவிட்டது.

“திவ்யாப்பா போனது உனக்குத் தெரியும்ல.”

தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன், இதே சித்திரை. மத்தியானம் வேலைக்குப் போனவர், வேலை இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

“உனக்குத் தெரியாதது ஒண்ணு கீது. யாராண்டயும் சொன்னதில்ல.” அக்கா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு அவருக்கு ரெண்டாம் ஷிஃப்டு. சோறு கட்டிக் குடுத்துட்டு, நான் மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தேன். கைப்பிடிச் செவுத்தாண்ட நின்னு எட்டிப் பாத்தேன். பஸ்ஸுக்கு ரோட்டத் தாண்டிக்கினு இருக்காரு. நெழலு காலாண்ட உருண்டையா கீது. தல இல்ல. மெய்யாலும் இல்ல தம்பி. நெழல்ல தல தெரியலன்னா அந்த ஆளு தங்க மாட்டான்னு எங்கம்மா வூட்ல சொல்லுவாங்க. கூப்டலாம்னு வாயத் தொறந்தேன். ‘இன்னாத்துக்குக் கூப்ட்ட?’ன்னு கேட்டா இன்னா சொல்றது? யோசிக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்துட்ச்சி. ஏறிட்டாரு.”

கையில் ஒரு முருங்கைக் காம்பு. அதை ஒடித்து ஒடித்துப் போட்டார்.

“பாத்துட்டேன். பாத்துட்டும் கூப்டல.”

“அக்கா, அது அவருக்கு மட்டும் இல்ல, அந்த நேரத்துல எல்லாருக்குமே...”

“உனக்கு இன்னா, படிச்சவன். எதுனா சொல்லுவ.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எம் பொண்ணு தலயில்லாம நிக்கறத நான் பாக்க மாட்டேன். போ தம்பி.”

கதவு சாத்திக்கொண்டது.

படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன். கதவைத் தட்டக் கை வைத்தேன், எடுத்தேன். நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. பூமியின் சாய்வு, சூரியனின் பாதை, படம் போட்டு விளக்குகிற மாதிரி. அந்தக் கதவுக்கு முன்னால் அதில் ஒன்றைக்கூட எடுத்துச் சொல்ல முடியவில்லை. சொல்லித் தீருகிற விஷயமாக அது தெரியவில்லை.

மேலேயிருந்து கிஷோர் கத்தினான். “அண்ணா! மேகம் வருது!”

போ, போ

கடல் பக்கமிருந்து ஒரு மேகம். பெரிய மேகம்கூட இல்லை. போர்வை நனைத்துக் காயப்போட்ட அளவுக்கு ஒன்று. ஆனால் நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டே மேகத்தைத் திட்டினார்கள். “போ! போ! அப்பால போ!” செருப்பு போட்டும் கால் சுட்டது. நிற்பதற்காக நனைத்துப் போட்ட சாக்குகள் அதற்குள் ஓரத்தில் காய்ந்துவிட்டன. யாரோ காயவைத்த கருவாட்டின் வாசனை வெயிலோடு எழுந்தது.

பாக்கெட்டில் போன் துடித்தது. எனக்கும் அன்று ரெண்டாம் ஷிஃப்ட்தான். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டியின் எண்ணும் சீலும் சரிபார்க்கிற வேலை. இது முடிந்த கையோடு ஓடினால்தான் பஸ். எடுக்கவில்லை.

கீழே ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றன. காலையில் லாரியின் பக்கவாட்டு நிழலில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள், இப்போது லாரிக்கு அடியிலேயே படுத்திருந்தார்கள். வேறெங்கும் நிழல் இல்லை.

“டேய் கிஷோரு! விசில் எங்கடா? குக்கரு புஸ்ஸுன்னுது!” அவன் அம்மாவின் குரல் கீழிருந்து வந்தது.

“சயின்ஸுக்கு எட்த்தாந்தேம்மா!”

“வா, உனக்கு சயின்ஸ் காட்றேன்!”

மேகம் போர்டைத் தொட்டது. பேட்டரி, குழாய், லிப்ஸ்டிக், எல்லாவற்றின் நிழலும் மங்கியது. இன்னும் கொஞ்சம்தான். சுண்டு விரல் அகலத்துக்கு நிழல் இருந்த நேரம்.

மேகம் நகர்ந்தது. வெயில் பளீரென்று அடித்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்த காக்கை பறந்தது.

கூச்சல் ஓய்ந்தபோது படிக்கட்டு வாசலில் செல்வி அக்கா நின்றிருந்தார். தலையில் முந்தானை. காலில் செருப்பு இல்லை. தனியாக வந்திருந்தார்.

எல்லாருக்குமா?

“அக்கா, திவ்யா?”

“வூட்ல குந்திக்கினு கீறா. மொதல்ல எனக்கு இன்னா ஆவுதுன்னு பாக்கறேன். அப்பால அவள இட்டாறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கிஷோர் தன் சாக்கிலிருந்து இறங்கினான். “இதுமேல நில்லுங்க அத்த. கால் சுடும்.”

அக்கா நின்றார். முந்தானையைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் காலையே பார்த்தார்.

முதலில் பேட்டரி. நகம் வெட்டிப் போட்ட துணுக்கு அளவுக்கு இருந்த நிழல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனது. பிறகு குழாய். பிறகு லிப்ஸ்டிக். “போச்சு! போச்சு!” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தல். விசிலுக்கு மட்டும் போகவில்லை; அதன் தலை அகலம்.

“என்னுது போவலியேண்ணா!” கிஷோருக்கு அழுகையே வந்துவிட்டது.

“குதிங்க எல்லாரும்!”

குதித்தார்கள். குதிக்கும்போது மட்டும் நிழல் காலைவிட்டுப் பிரிந்து தரையில் தனியாகக் கிடந்தது. கால் இறங்கியதும் வந்து ஒட்டிக்கொண்டது. அதைக் கண்டுபிடித்த பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. மாடியே அதிர்ந்தது.

அக்கா குதிக்கவில்லை. அவர் காலைச் சுற்றிப் புடவையின் வட்டம் கறுப்பாகக் கிடந்தது. தலை எங்கும் இல்லை. கண் எடுக்காமல் அதைப் பார்த்தார். பிறகு சாக்கிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு சுடுகிற தரையில் நடந்து, கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்தார். பின்னாலேயே நானும் போனேன்.

ரெண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சோற்றுப் பையோடு ஒருவர். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர். மீன் கூடை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஓர் அம்மா. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன். அவன் பின்னால் ஒரு நாய். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கறுப்பு உருண்டை, அவர்கள் கூடவே நகர்ந்து போனது. ஒரு நிழலுக்கும் தலை இல்லை.

“எல்லாருக்குமா?” என்றார் அக்கா.

“எல்லாருக்கும்தான்க்கா.”

ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“அன்னிக்கும்?”

“அன்னிக்கும். சித்திர பொறந்து இந்தக் கொஞ்ச நாளுக்கு மத்தியானத்துல இப்படித்தான். அன்னிக்கு ரோட்ல போன அத்தன பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.”

அக்கா சுவரில் கை ஊன்றி நின்றார். சுவரும் சுட்டிருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

“நான் அவர மட்டுந்தான பாத்தேன்,” என்றார்.

பிறகு மூச்சை இழுத்து விட்டு, சுவருக்கு வெளியே குனிந்து, கடை வாசலில் கத்துகிற அதே குரலில் கத்தினார். “திவ்யா! ஏ திவ்யா! செருப்பு போட்டுக்கினு மேல வாடி! ஜல்தி வா!”

ஆவணியில் முதல் ஆள்

திவ்யா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பேட்டரியின் நிழல் மறுபக்கமாக, கடல் இருக்கிற திசையில் மெல்ல எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அவள் ஒரு தரம் போர்டைப் பார்த்தாள். ஒரு தரம் அம்மாவைப் பார்த்தாள். “போம்மா! உன்னாலதான் பூட்ச்சி!” என்று தரையை உதைத்தாள்.

“ஆவணில இன்னொரு தபா வருமாம்டி. அப்ப மொத ஆளு நீதான்.”

“மேகம் போட்டுட்டா?” என்றான் கிஷோர்.

“டேய், உன் வாயக் கயுவு.”

“நீ பாத்தியாம்மா?” திவ்யா கேட்டாள்.

“பாத்தேன்.”

“உனக்குத் தல இருந்துச்சா?”

“இல்ல. யாருக்கும் இல்ல,” என்றார் அக்கா. “பாரு, நின்னுக்கினுதான கீறேன்.”

திவ்யாவுக்கு அது போதவில்லை. காலையில் வரைந்த கோட்டுக்குப் போய், அதில் தன் கால் இருந்த இடத்தில் காலை வைத்து நின்றுகொண்டு, “இதயாவது முடி,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கிஷோர் சாக்பீஸோடு நகர்ந்தான். அக்கா அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, புடவையைக் காலோடு சேர்த்துக்கொண்டு குந்தினார். தோள் நின்றுபோன இடத்திலிருந்து கோட்டை இழுத்தார். வட்டம் சரியாக வரவில்லை. ஒரு பக்கம் கன்னம் உப்பலாகப் போய்விட்டது.

“ரிப்பனும்மா.”

“இர்றி. ஆடாத நில்லு.”

நான் அதற்கு மேல் நிற்க முடியாது. போன் மூன்றாவது தரம் துடித்தது. விசிலை உன் அம்மாவிடம் உடனே கொண்டுபோய்க் கொடு என்று கிஷோரிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றி, சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி ரோட்டுக்கு ஓடினேன். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பாதி ரோட்டில் இருந்தேன். அந்தப் பக்கம் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“தம்பி! ஏ தம்பி!”

நிமிர்ந்தேன். கைப்பிடிச் சுவரில் செல்வி அக்கா. கண்ணுக்கு மேல் சாக்பீஸ் அப்பிய கையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் திவ்யாவின் நெற்றியும் இரண்டு ரிப்பனும் மட்டும் தெரிந்தன.

“இன்னாக்கா?”

பஸ் வந்து நின்றது. “ஏறுய்யா, மேல இன்னா வேடிக்க?” என்றார் கண்டக்டர். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல!” அக்கா கத்தினார். “சும்மாத்தான் கூப்ட்டேன்! போய்ட்டு வா!”